தலையாட்டியது அம்மாதான், ஆனால் அந்தப் பேச்சுக்கு அல்ல: தொலைக்காட்சி விவாத அரங்கில் பார்வையாளராக அமர்ந்த அனுபவம்

முக்கூடல் மகள் (இழையைத் தொடங்கியவர்)

அனைவருக்கும் வணக்கம். நான்கு மாதங்களுக்கு முன் எங்கள் ஊரிலிருந்து பதினெட்டுப் பெண்கள், பீடி சுற்றும் தாய்மார்களும் அவர்களுடைய மகள்களுமாக, சென்னையில் ஒரு தொலைக்காட்சி விவாத நிகழ்ச்சியின் பதிவுக்குச் சென்றோம். தொலைக்காட்சியின் பெயரையும் நிகழ்ச்சியின் பெயரையும் இங்கே எழுதப்போவதில்லை. எனக்குத் தெரிய வேண்டியது ஒன்றுதான்: அங்கே நடந்தது வழக்கமாக நடப்பதா, அடுத்த முறை அழைப்பு வந்தால் எதைக் கேட்டுக்கொண்டு போக வேண்டும்?

மகளிர் சுய உதவிக் குழுத் தலைவியின் கைப்பேசிக்கு ஓர் ஒருங்கிணைப்பாளர் பேசினார். தாய்மார்கள் ஒரு பக்கம், மகள்கள் மறுபக்கம் என்றும், வேனும் சாப்பாடும் அவர்கள் பொறுப்பு என்றும் சொன்னார். ஏறத்தாழ 650 கிலோமீட்டர் இரவெல்லாம் பயணம் செய்து காலையில் இறங்கினோம். அம்மா ஒரு நாளைக்கு எழுநூறு பீடி வரை சுற்றுவார். போக ஒரு நாள், வர ஒரு நாள், உடம்பு தேற ஒரு நாள் என்று மூன்று நாள் கூலி போயிற்று. அதற்காக யாரும் வருத்தப்படவில்லை. நம் பாட்டை நாலு பேர் கேட்கட்டும் என்றுதான் எல்லோரும் கிளம்பினோம்.

அம்மா கட்டியிருந்த சேலையில் மெல்லிய கோடுகள் இருந்தன. கேமராவில் அவை நெளியும் என்று சொல்லி வேறு சேலை மாற்றச் சொன்னார்கள். பக்கத்து வீட்டு அத்தையின் மாற்றுச் சேலையைக் கட்டிக்கொண்டார். பலகை அடித்த படிக்கட்டு மேடையில் மூன்றாவது வரிசையில் அவருக்கு இடம். உட்கார்ந்தால் கால் தரையில் படாத உயரம் அது. உள்ளே குளிர் எலும்பைத் தொட்டது. எல்லோரும் நன்றாகக் கவனித்துக்கொண்டிருந்தபோதுகூட அம்மாவின் விரல்கள் மடியில் சும்மா இருக்கவில்லை. வலது கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் இல்லாத இலையை உருட்டிக்கொண்டே இருந்தன. நாற்பது ஆண்டுப் பழக்கம் அது, அவருக்கே தெரியாது. ஃப்ளோர் மேனேஜர் வந்து, “கையை முந்தானைக்குள்ள வச்சுக்கோங்கம்மா” என்றார். அந்த விரல்களைத்தான் அவர்கள் காட்டியிருக்க வேண்டும் என்று இன்றுவரை நினைக்கிறேன்.

பதிவு ஐந்து மணி நேரத்துக்கு மேல் நடந்தது. அம்மாவின் முறை வந்தபோது, அப்பா படுத்துவிட்ட ஆண்டில் தாலிக்கொடியை அடகு வைத்து என்னைக் கல்லூரியில் சேர்த்ததையும், சுற்றிய பீடியைக் கொண்டுபோய்க் கொடுக்கும் கடையில் சரியில்லை என்று ஒதுக்கும் பீடிக்குக் கூலி கிடையாது என்பதையும், தூள் நெடியில் இரவெல்லாம் இருமுவதையும் ஏழெட்டு நிமிடம் தங்குதடையில்லாமல் சொன்னார். அரங்கமே கைதட்டியது.

சாப்பாட்டுக்குப் பிறகு யாரும் பேசாத நேரத்தில் கேமராக்களை எங்கள் பக்கம் திருப்பி, “எல்லாரும் சிரிங்க, இப்ப யோசிக்கிற மாதிரி பாருங்க, இப்ப ஆமான்னு தலையாட்டுங்க” என்று சொல்லிச் சொல்லிப் பதிவு செய்தார்கள். நாங்களும் செய்தோம். பெரியவர்கள் சொல்கிறார்கள், நம்மை மதித்துக் கூப்பிட்டிருக்கிறார்கள் என்ற எண்ணம்தான்.

ஒளிபரப்பில் அம்மாவின் பேச்சு முழு நிமிடம்கூட வரவில்லை. நேரம் இல்லாததால் குறைத்தார்கள் என்றே அதை எடுத்துக்கொண்டேன். ஆனால் சிறப்பு விருந்தினர் ஒருவர், “வீட்டில் இருந்தபடியே செய்யலாம், வெயில் இல்லை, மழை இல்லை, பெண்களுக்கு இது லேசான வேலைதானே” என்று சொன்ன இடத்தில் அம்மாவின் முகம் வந்தது. அம்மா சிரித்துத் தலையாட்டினார்.

மறுநாள் காலையில் கடைக்குப் பீடித்தட்டோடு போனவரை, வரிசையில் நின்ற பெண்கள் கேட்டிருக்கிறார்கள்: “டிவியில போயி லேசான வேலைன்னு தலையாட்டிட்டு வந்திருக்கியே?” கூலி உயர்வுப் பேச்சு நடந்துகொண்டிருந்த மாதம் அது. அம்மா வீட்டுக்கு வந்து தட்டை வைத்துவிட்டு என்னிடம், “ஏட்டி, நான் எப்ப அவரு சொன்னதுக்குத் தலையாட்டுனேன்?” என்றார். இதே கேள்வியை அந்த வாரம் முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தார்.

இப்போது வேறொரு தொலைக்காட்சியிலிருந்து அதே குழுவுக்கு அழைப்பு வந்திருக்கிறது. போகலாமா?

கடையம்

தங்கச்சி, உங்கள் அம்மாவை எங்கள் வீட்டிலும் பார்த்தோம். அந்தத் தலையாட்டலைப் பார்த்து நானும் வருத்தப்பட்டேன். உங்கள் பதிவை இப்போது படித்த பிறகுதான் யார்மேல் வருத்தப்பட்டிருக்க வேண்டும் என்று தெரிகிறது. அம்மாவிடம் என் மன்னிப்பைச் சொல்லுங்கள்.

வள்ளியூர் ஒளிப்பதிவு

பத்து ஆண்டுகள் சென்னை அரங்குகளில் கேமரா உதவியாளனாகவும் பிறகு கேமராமேனாகவும் வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பியவன் நான். அக்கா சொன்னது வழக்கமாக நடப்பதுதான். அதன் காரணத்தை முழுவதும் சொல்கிறேன். காரணம் தெரிந்தால்தான், எது வேலைக்குத் தேவையானது, எது தவறு என்று பிரிக்க முடியும்.

ஐந்து மணி நேரப் பதிவை விளம்பரம் போக ஒரு மணி நேரத்துக்கும் குறைவாகச் சுருக்க வேண்டும். ஒருவர் பேச்சில் நடுவே நாலு வாக்கியத்தை எடுத்துவிட்டு முன்னையும் பின்னையும் ஒட்டினால், ஒலி பொருந்திவிடும், ஆனால் படம் குதிக்கும். தலை ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குத் துள்ளும். அந்தத் துள்ளலை மறைக்க, கேட்டுக்கொண்டிருப்பவர் முகத்தை இரண்டு நொடி போடுவார்கள். எங்கள் பேச்சில் அதற்குப் பெயர் ரியாக்ஷன். ஆக, திரையில் பார்வையாளர் முகம் வரும்போதெல்லாம் பேச்சில் ஏதோ ஒன்று வெட்டப்பட்டிருக்க வாய்ப்பு அதிகம். இதை மனத்தில் வைத்துக்கொண்டு ஒரு நிகழ்ச்சியைப் பாருங்கள், எத்தனை வெட்டு என்று உங்களுக்கே பிடிபடும்.

பேச்சு நடக்கும்போதே பார்வையாளர் முகங்களை எடுக்க இரண்டு மூன்று கேமராக்கள் இருக்கும். ஆனால் எல்லா முகமும் எல்லா நேரமும் கிடைக்காது. ஒருவர் கொட்டாவி விடுவார், ஒருவர் பக்கத்தில் பேசுவார். அதனால்தான் வெற்று நேரத்தில் சிரிப்பு, யோசனை, தலையாட்டல் எல்லாம் தனியாக எடுத்து வைத்துக்கொள்கிறார்கள். இரண்டு வாக்கியங்களுக்கு நடுவே ஒட்டுப் போட ஒரு முகம் வேண்டும் என்ற அளவில் இதில் வஞ்சகம் இல்லை.

தவறு எங்கே என்றால், ஒரு கருத்தை ஒருவர் ஏற்கிறாரா மறுக்கிறாரா என்பதே அன்றைய பேச்சாக இருக்கும்போது, அந்த வெற்றுத் தலையாட்டலை எடுத்து அந்தக் கருத்தின்மேல் வைப்பதில்தான். தெரியாமல் நடந்துவிட்டது என்று அவர்கள் சொன்னால் நம்பாதீர்கள். எல்லாக் கேமராவிலும் ஒரே நேரக் கணக்கு ஓடும், அதற்கு டைம்கோட் என்று பெயர். நம் நாட்டில் நொடிக்கு 25 படம், அந்த ஒவ்வொரு படத்துக்கும் மணி, நிமிடம், நொடி, படம் என்று எண் உண்டு. விருந்தினர் 11 மணிக்குப் பேசியதும், அம்மா 3 மணிக்குத் தலையாட்டியதும் எடிட்டரின் கண்முன் எண்ணாக நிற்கும்.

நானே அப்படிப்பட்ட முகங்களை எடுத்துக் கொடுத்திருக்கிறேன். ஒரு பாட்டியை மூன்று முறை கண் துடைக்கச் சொல்லி எடுத்திருக்கிறேன். அது எந்தப் பேச்சின்மேல் போய் உட்கார்ந்தது என்று அப்போது நான் கேட்கவில்லை. இன்று கேட்டிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

பாளையங்கோட்டை ஆசிரியர்

வள்ளியூர்த் தம்பி சொல்வதற்கு நூறாண்டு வரலாறு உண்டு. ரஷ்யாவில் லெவ் குலெஷோவ் என்ற திரைப்பட ஆசிரியர், உணர்ச்சி எதையும் காட்டாத ஒரு நடிகரின் ஒரே முகத்தை ஒரு கிண்ணம் சூப்புக்கு அடுத்தும், ஒரு சவப்பெட்டிக்கு அடுத்தும், ஒரு பெண்ணுக்கு அடுத்தும் ஒட்டிக் காட்டினார். பார்த்தவர்கள் அந்த முகத்தில் பசியையும் துயரத்தையும் ஆசையையும் தனித்தனியாகக் கண்டார்கள். முகம் மாறவில்லை, பக்கத்தில் இருந்ததுதான் மாறியது. ஊடகம் படிக்கும் என் மாணவர்களுக்கு முதல் வாரத்திலேயே இதைச் சொல்லிவிடுவேன். முக்கூடலில் பீடிக்கடை வரிசையில் நிற்கும் ஒரு தாயை இது தொடும் என்று எனக்கு அப்போதெல்லாம் தோன்றியதில்லை.

பார்வையாளரைப் பேசவைக்கும் வடிவம் எப்படி வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1967 நவம்பரில் அமெரிக்காவின் ஓஹையோ மாநிலத்து டேட்டன் நகரில் பில் டொனஹூ தன் நிகழ்ச்சியைத் தொடங்கியபோது, முன்பு அதே அரங்கில் நடந்த வேறொரு நிகழ்ச்சிக்காகச் சீட்டு வாங்கியிருந்தவர்கள்தான் வந்து உட்கார்ந்திருந்தார்கள். விளம்பர இடைவேளையில் அவர்கள் கேட்ட கேள்விகள் தன் கேள்விகளைவிடக் கூர்மையாக இருந்ததைக் கண்டுதான் அவர் ஒலிவாங்கியை எடுத்துக்கொண்டு அவர்கள் நடுவே இறங்கினார். தமிழ்நாட்டில் சன் தொலைக்காட்சியின் அரட்டை அரங்கத்தை விசு ஊர் ஊராகக் கொண்டுசென்றார். 2006இல் விஜய் தொலைக்காட்சியில் தொடங்கிய நீயா நானா, இரு தரப்பை எதிரெதிரே அமர்த்தும் முறையை வீடுதோறும் பழக்கமாக்கியது. எங்கும் நிகழ்ச்சிக்கு உயிர் கொடுத்தவர்கள் வந்து உட்கார்ந்தவர்களே.

நம் ஊர்க் கோயில் திருவிழாப் பட்டிமன்றத்தில் மணலில் உட்கார்ந்து கேட்பவரும் பார்வையாளர்தாம். பேச்சு பிடித்தால் கைதட்டுவார், பிடிக்காவிட்டால் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்துபோவார். அந்தக் கைதட்டலை எடுத்து இன்னொருவர் பேச்சுக்குக் கொடுக்க யாராலும் முடியாது. அரங்கத்துக்குள் போகும்போது நாம் விட்டுக்கொடுப்பது அந்த உரிமையைத்தான், அதை விட்டுக்கொடுக்கிறோம் என்று நம்மிடம் யாரும் சொல்வதில்லை.

சங்கரன்கோவில் தறி

அம்மாவுக்கு நேர்ந்தது வருத்தத்துக்குரியது. ஆனால் இந்த இழை போகும் போக்கில், யாருமே போகக் கூடாது என்ற முடிவுக்கு வந்துவிடுவோமோ என்று அஞ்சுகிறேன். அதனால் என் அனுபவத்தையும் எழுதுகிறேன்.

விசைத்தறி வேலையைப் பற்றிய ஒரு பதிவுக்கு நான் போயிருந்தேன். நான் பேசியது முழுவதும் வரவில்லை, ஆனால் வந்தது நான் சொன்னதுதான். தறிச் சத்தத்தில் காது மந்தமாகிவிட்டது என்று சொன்னேன், அதைக் காட்டினார்கள். அதைப் பார்த்துவிட்டு எங்கள் தெருவில் என்னைவிடச் சின்னவர்கள் இரண்டு பேர் காது மருத்துவரிடம் போனார்கள். நாங்கள் போகாவிட்டால் என்ன நடக்கும்? நம் வேலையை ஒரு நாளும் செய்யாதவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்து நம்மைப் பற்றிப் பேசுவார். மறுக்க ஆள் இருக்காது.

இன்னொன்றையும் மனம் நோகாமல் கேட்கிறேன். தலையாட்டச் சொன்னபோது, எதற்கு என்று அம்மா ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம் அல்லவா?

முக்கூடல் மகள்

அண்ணாச்சி, கேட்டிருக்கலாம்தான். முதல் நாள் இரவு தூங்காமல், முன்பின் தெரியாத ஊரில், தலைக்கு மேலே விளக்கு எரிய, நூறு பேருக்கு நடுவே, “அம்மா, கொஞ்சம் தலையாட்டுங்க” என்று ஒருவர் அன்பாகச் சொல்லும்போது, பத்தாம் வகுப்பு தாண்டாத ஒரு பெண் “எதுக்கு?” என்று கேட்பாரா? நான் முதுகலை படித்தவள், எதிர் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தேன். நானும் கேட்கவில்லை. கேட்காத குற்றம் இருந்தால் அது என்னுடையது.

சங்கரன்கோவில் தறி

தவறாகக் கேட்டுவிட்டேன், தங்கச்சி. அந்த வரியை எழுதியிருக்கக் கூடாது.

வண்ணார்பேட்டை வழக்கறிஞர்

ஒரு கேள்வி: உள்ளே போகும்முன் ஏதாவது தாளில் கையெழுத்து வாங்கினார்களா?

முக்கூடல் மகள்

வாங்கினார்கள், ஐயா. நீளமான ஒரு பக்கம், ஆங்கிலத்தில். வருகைப் பதிவு என்று சொன்னார்கள். அம்மா தமிழில் கையெழுத்துப் போட்டார். நகல் தரவில்லை.

வண்ணார்பேட்டை வழக்கறிஞர்

அது வருகைப் பதிவு அன்று. உங்கள் உருவத்தையும் குரலையும் எடுக்கவும், வெட்டவும், மாற்றவும், எந்த ஊடகத்திலும் எத்தனை முறையும் பயன்படுத்தவும் ஒப்புதல் தரும் படிவம் அது. கையெழுத்துப் போட்டவரை அது பொதுவாகக் கட்டுப்படுத்தும் என்பதே நடைமுறை. ஆனால் 1872ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 13ஆம் பிரிவு, இருவரும் ஒரே பொருளை ஒரே அர்த்தத்தில் ஏற்றுக்கொண்டால்தான் அது இசைவு என்கிறது. ஆங்கிலம் அறியாதவரிடம் வருகைப் பதிவு என்று சொல்லி வாங்கிய கையெழுத்தில் அந்த இசைவு இருந்ததா என்பது எழுப்பத்தக்க கேள்வி. வழக்கு நடத்துவது செலவும் அலைச்சலும் என்பதால் அதை முதல் வழியாக நான் சொல்ல மாட்டேன்.

செலவில்லாத வழி ஒன்று உண்டு. 1994ஆம் ஆண்டின் கேபிள் தொலைக்காட்சி விதிகளில் 6ஆம் விதி, நிகழ்ச்சிகளில் எவையெல்லாம் இடம்பெறக் கூடாது என்று பட்டியலிடுகிறது. அவதூறோடு சேர்த்து அரை உண்மைகளையும் அது குறிப்பிடுகிறது. 2021 ஜூனில் அந்த விதிகளில் சேர்க்கப்பட்ட முறைப்படி, ஒளிபரப்பியவருக்கே முதலில் எழுத்தில் புகார் அனுப்பலாம். 24 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகை தந்து, 15 நாள்களில் முடிவைச் சொல்ல வேண்டும். முடிவு நிறைவு தராவிட்டால், அடுத்த 15 நாள்களுக்குள் அந்தத் தொலைக்காட்சி உறுப்பாக உள்ள சுய ஒழுங்குமுறை அமைப்பிடம் மேல்முறையீடு செய்யலாம்.

ஒளிபரப்பான நிகழ்ச்சியின் பதிவை அவர்கள் 90 நாள்கள் வைத்திருக்க வேண்டும். பதிவு நடந்தே நான்கு மாதம் ஆகிவிட்டதால் அந்தக் கெடு முடிந்திருக்கக்கூடும். இணையத்தில் அந்தப் பகுதி இன்னும் இருந்தால் இன்றே இறக்கிச் சேமித்துக்கொண்டு, தலையாட்டல் வரும் நிமிடத்தையும் நொடியையும் குறித்துப் புகாரை எழுதுங்கள். முழுப் பதிவையும் நீக்கக் கேட்பதைவிட, அந்த இரண்டு நொடி முகத்தை மட்டும் நீக்கி மீண்டும் ஏற்றக் கேட்டால், அவர்களால் அரை நாளில் செய்ய முடிகிற வேலை என்பதால் பலன் கிடைக்க வாய்ப்பு அதிகம். எழுதித் தரக் காசு வேண்டாம், அம்மாவை ஒரு நாள் காலையில் அழைத்துக்கொண்டு வாருங்கள்.

வள்ளியூர் ஒளிப்பதிவு

அடுத்த அழைப்புக்கு என் பங்காகச் சில சொல்கிறேன். உடை, சாப்பாடு பற்றியெல்லாம் அவர்களே சொல்லிவிடுவார்கள். நீங்கள் கேட்க வேண்டியவை வேறு.

படிவத்தைத் தமிழில், முந்தைய வாரமே, வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். வெற்று நேரத்தில் முகம் எடுக்கும்போது, கேட்கிற முகம் வேண்டுமானால் தருகிறோம், தலையாட்டல் தர மாட்டோம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒட்டுப் போடக் கேட்கிற முகமே போதும். கண்ணை இமைக்காமல் பார்க்கும் முகம் எந்தப் பேச்சையும் ஏற்றதாகவோ மறுத்ததாகவோ ஆகாது. இதற்கு ஒப்புக்கொள்ளாத இயக்குநர் ஒட்டுக்காக மட்டும் கேட்கவில்லை என்று புரிந்துகொள்ளலாம்.

மைக் கைக்கு வரும் முன் பேசிவிடாதீர்கள். மனத்திலிருந்து முதலில் வரும் பேச்சு பதிவாகாமல் போய், திரும்பச் சொல்லும்போது சூடு ஆறிவிடும். மிக முக்கியமானதை நடுவில் வைக்காமல் முதல் இரண்டு வாக்கியத்திலேயே சொல்லிவிடுங்கள், சின்ன வாக்கியமாக, மூச்சு விட்டுச் சொல்லுங்கள். வெட்டினாலும் அது முழுதாக நிற்கும். அம்மாவிடம் சொல்லுங்கள்: ஒதுக்கிய பீடிக்குக் கூலி இல்லை என்பதுதான் முதல் வாக்கியம், தாலிக்கொடி இரண்டாவது.

வயதானவர்களை முன்வரிசையில் உட்கார வைக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு முறை இடம் குறித்துவிட்டால் பிறகு மாற்ற மாட்டார்கள், முன்னும் பின்னும் எடுத்த காட்சிகள் பொருந்தாமல் போகும். கால் தொங்க ஐந்து மணி நேரம் உட்கார்ந்தவர்களைத் தூக்கி இறக்கியிருக்கிறேன்.

கடையம்

எங்கள் குழுவுக்கும் அதே ஒருங்கிணைப்பாளர் பேசியிருக்கிறார். இந்த இழையை அச்செடுத்துக் குழுக் கூட்டத்தில் படித்தோம். படிவம் வராமல் வேனில் ஏறுவதில்லை என்று முடிவு செய்திருக்கிறோம்.

முக்கூடல் மகள்

பத்து நாள் கழித்து எழுதுகிறேன். வழக்கறிஞர் ஐயாவைப் போய்ப் பார்த்தோம். அம்மா சொல்லச் சொல்ல, அவர் சொற்களை மாற்றாமல் ஐயா எழுதினார். “அந்த ஆள் அதைச் சொன்ன நேரத்தில் நான் தலையாட்டவில்லை, அது லேசான வேலை என்று நான் ஒருநாளும் சொன்னதில்லை” என்பது முதல் வரி. புகாரை அனுப்பிய மறுநாளே ஒப்புகை வந்தது, முடிவு இன்னும் வரவில்லை. நகல் ஒன்றை அம்மா கேட்டு வாங்கி, மடித்துப் பீடித்தட்டில் இலைக்கு அடியில் வைத்துக் கடைக்குக் கொண்டுபோனார். வரிசையில் நின்றவர்களில் படிக்கத் தெரிந்த ஒருவர் சத்தமாக வாசித்தாராம்.

புதிய அழைப்பைப் பற்றி ஒருங்கிணைப்பாளரிடம் பேசினேன். தமிழ்ப் படிவம் அனுப்புவதாகவும், அறுபது வயது தாண்டியவர்களை முன்வரிசையில் உட்கார வைப்பதாகவும் ஒத்துக்கொண்டார். தலையாட்டலைப் பற்றிச் சொன்னபோது, அதை இயக்குநரிடம்தான் கேட்க வேண்டும் என்றார். கேட்டுச் சொல்லட்டும், அதற்குப் பிறகு பெயர் தருகிறோம் என்று சொல்லியிருக்கிறேன். பதினெட்டுப் பேரில் ஏழு பேர் எப்படியும் வரவில்லை என்றுவிட்டார்கள். அம்மா போவதாகத்தான் இருக்கிறார். கோடு இல்லாத சேலை ஒன்றை இப்போதே துவைத்து எடுத்து வைத்துவிட்டார். இயக்குநரின் பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.